உறை எண்ணெய்

சிறையில் இருக்கும் ஒரு மனிதர் முப்பத்தொரு லாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்று குவாஹாட்டிக்குப் போய் வந்திருந்தது, ஒன்று நாக்பூருக்கு, இரண்டு மாவட்ட எல்லையைக்கூடத் தாண்டவில்லை. இதைச் சொன்னது நான் இல்லை, என் இயந்திரம். அது பொய் சொல்லாது என்று பத்தொன்பது வருடமாகக் கூண்டேறிச் சத்தியம் செய்து வந்தவள் நான். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் கையில் இருந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பெயர் அபயாம்பாள். சொந்த ஊர் மாயவரம். நாமக்கல் வாகன எண்ணெய்ச் சாட்சியகத்தில் தலைமைப் பகுப்பாய்வாளர். ஊரில் எங்கள் கட்டடத்தை எண்ணெய் கோர்ட்டு என்பார்கள். கார்களெல்லாம் மின்சாரத்துக்குப் போய்விட்ட பிறகும் சுமை லாரிகள் இன்னும் எண்ணெய்தான் குடிக்கின்றன. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய எண்ணெயில் ஒரு சிறு புட்டி எங்களுக்கு வந்தாக வேண்டும் என்பது சட்டம்.

எண்ணெய் எப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று கேட்பீர்கள். செங்கோடன் வழக்கில் அவருடைய வக்கீலும் அதைத்தான் கேட்டார். மூன்று வருடம் ஆகிறது. கூண்டில் நின்று நான் சொன்ன பதில் இன்னும் எனக்கு மனப்பாடம்.

"இன்ஜின் ஆயில்ங்கிறது ஒரே பொருள் இல்ல, சார். ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன் சேர்ந்த கூட்டம் அது. பழைய மிஷின்ல ஓட்டினா கிராப்ல ஒரே மேடா வரையும், உங்க மலைக்கோட்டைப் பாறை மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எங்க குழாய் தலைமுடி கனம், அறுபது மீட்டர் நீளம். எண்ணெயை ஆவியாக்கி அதுக்குள்ள விட்டா லேசானது முன்னாடி ஓடிரும், கனமானது பின்னாடி வரும். அந்த மேட்டை மண் மண்ணாப் பிரிச்சுக் குடுத்துரும்."

"பிரிச்சா? டிரைவர் பேரு எழுதியிருக்குமா அதுல?"

"எந்தச் சங்கிலி எங்கே உடைஞ்சிருக்குன்னு இருக்கும். அது இன்ஜின் எப்போ எவ்வளவு சூடாச்சுங்கிறதைச் சொல்லும். சூடு, ஆக்சிலேட்டர்ல இருந்த காலைச் சொல்லும். ஒருத்தர் மேட்டுல மிதிப்பார், ஒருத்தர் கியரைக் குறைப்பார். ரெண்டு பேர் கால் ஒண்ணா இருக்காது. லைசென்ஸ் குடுக்கும்போதே ஒவ்வொருத்தர் பாதப்பதிவையும் எடுத்து வெச்சிருக்கோம்."

"கைரேகை மாதிரியா?" என்று நீதிபதி கேட்டார்.

"அதுக்கும் மேல, ஐயா. கைரேகை ஒருத்தர் தொட்டதை மட்டும்தான் சொல்லும். எண்ணெய் அவர் எப்படி நடந்துக்கிட்டார்ங்கிறதைச் சொல்லும். எண்ணெய் பொய் சொல்லாது."

அந்தக் கடைசி வாக்கியம் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. வெட்டி வைத்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

வழக்கு இதுதான். வேலூர்ப் பிரிவு ரோட்டில் மொபெட்டில் போன ஒரு கணவன் மனைவியைப் புத்தம்புது லாரி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது. இருவரும் அங்கேயே முடிந்தார்கள். லாரி பிடிபட்டபோது ஸ்டியரிங்கில் இருந்தவன் லாரி முதலாளியின் மைத்துனர் மகன் கிருத்திக். இடித்தபோது ஓட்டியது செங்கோடன் மாமா, நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், அவர் பயந்து இறங்கி ஓடிவிட்டார் என்றான். செங்கோடனுக்கு ஐம்பத்தாறு வயது. அதே முதலாளியிடம் இருபத்திரண்டு வருடம் ஒரே பழைய லாரியை ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். பழைய லாரி உடைக்கப் போய்விட்டது, ஆடி கழிந்துதான் புது வண்டியில் ஏறுவதாக இருந்தேன், அதை நான் தொட்டதே இல்லை என்றார்.

எண்ணெயைக் கேட்டார்கள். விபத்துக்கு எட்டு நாள் முன்புதான் அந்த லாரிக்கு எண்ணெய் மாற்றியிருந்தார்கள். அதில் முக்கால் பங்கு கிருத்திக்கின் கால், கால் பங்கு செங்கோடனின் கால்.

"நூத்துக்கு இருபத்தஞ்சு, ஐயா" என்று நான் சொன்னதும் செங்கோடன் சட்டென்று தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. பிறகு தலையைத் தொங்கப் போட்டவர்தான், தீர்ப்பு வரும்வரை வாயே திறக்கவில்லை. பொய் பிடிபட்டதும் குற்றவாளி அடங்கிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். வண்டியைத் தொட்டதே இல்லை என்றது பொய்யாகிப் போனதால் கிருத்திக் சொன்னதைக் கோர்ட்டு நம்பியது. ஏழு வருடம் கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் கால் முப்பத்தொரு லாரிகளில். ரத்தான உரிமங்களின் பட்டியலை எங்கள் இயந்திரத்தோடு இணைத்தது அந்த வாரம்தான். அதனால்தான் சிவப்பு எழுத்தில் அவர் பெயர் வந்து நின்றது. ஒன்றில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று.

எந்தப் பகுப்பாய்வாளருக்கும் முதலில் வரும் சந்தேகம் எச்சில். முந்தைய மாதிரியின் மிச்சம் ஊசியிலோ குழாயிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியில் வந்து கலப்பதை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். மற்ற ஆய்வகங்களில் அது சகஜம். என் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கிடையாது. எனக்கு அதில் ஒரு மடிசஞ்சித்தனம் உண்டு. ஊசியை மாற்றினேன், குழாயைச் சுட்டேன், எண்ணெயே இல்லாமல், ஊசி கழுவும் திரவமான ஹெக்சேனை மட்டும் விட்டு ஓட்டினேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. எச்சில் இல்லை. அந்த எண்ணெய் நிஜமாகவே அந்த லாரிகளுக்குள் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் அன்று மதியமே செங்கோடனின் மனைவியைத் தேடிப் போனேன்.

பாவாயி ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை செய்கிறார். நான் போனபோது சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். கோர்ட்டில் பார்த்த முகம் என்பதால் என்னைத் தெரிந்துவிட்டது. காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். சித்த உக்காருங்க. சோறு உங்கறீங்களா?"

"வேண்டாம்மா. ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரர் ஓட்டின பழைய லாரி, அதோட எண்ணெய் எங்கே இருக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

"எங்கூட்லதாங்க இருக்குது. வண்டிய ஒடைக்கக் குடுக்கறப்ப கடசியா எறக்குன எண்ணெய நாலு கேன்ல புடிச்சுக்கிட்டு வந்துட்டாருங்க. உறை எண்ணெங்க அது."

"உறையா?"

"தயிருக்கு உறை ஊத்தறதில்லீங்களா, அந்த மாதிரிங்க. நல்லா ஓடுன வண்டி எண்ணெயில துளி எடுத்துப் புது வண்டில ஊத்திக்குவாங்க. அப்பறம் அந்த வண்டியும் அடிபடாம ஓடுமுங்க. இங்க லாரிக்காரவிய எல்லாம் பண்ணறதுதான். எங்கூட்டுக்காரரு எண்ணெய்க்குத்தானுங்க ரொம்பக் கிராக்கி. இருவத்திரண்டு வருசம் ஒரு காயம் இல்லாத ஓட்டுனவரில்லீங்களா?"

பத்தொன்பது வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு லாரிக்காரர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அறுபதாயிரம் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த எனக்கு, தெருமுனைக்குத் தெரிந்த இந்த ஒரு விஷயம் தெரியவில்லை.

"எல்லா எண்ணெய்க் கடையிலேயும் மஞ்சள் போர்டு வெச்சிருக்கோமே, 'எண்ணெய் சாட்சி, கலக்காதீர்'னு. பாக்கலையாம்மா?"

"பாத்தனுங்க. அது மண்ணெண்ண கலக்கறவனுக்குன்னு நெனச்சனுங்க. உறைய யாராச்சும் கலப்படம்னு சொல்லுவாங்களா?"

"ஜெயிலுக்குப் போனவர் எண்ணெயை இன்னுமா வந்து கேக்கறாங்க?"

"இப்பத்தானுங்க அதிகமாக் கேக்கறாங்க. அவரு ஓட்டுலைன்னு டிரைவருமாருக்கெல்லாம் தெரியுமுங்க. கோர்ட்டுக்குத்தான் தெரியல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. கேக்கறவிகளுக்கெல்லாம் ஒவ்வொரு டம்ளரு குடுக்கறனுங்க. அவரு உள்ள இருந்தாலும் அவரு காலு ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கட்டும்னு ஒரு ஆசைங்க."

நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் பாக்கி.

"முதலாளியோட அந்தப் புது லாரிக்கும் குடுத்தீங்களா?"

"குடுக்காம இருப்பனுங்களா? அதுக்குத்தானுங்க மொதல்ல குடுத்தேன். இவரு அன்னிக்கு ஊர்ல இல்ல. அந்தக் கிருத்திக்குப் பையன் வந்து, அத்தே, மாமா வண்டி எண்ணெ வேணும்னான். நாளைக்கு இவரு ஓட்டப் போற வண்டியாச்சேன்னு ஒரு கேனு முழுசாவே தூக்கிக் குடுத்துட்டேன். அந்த வண்டிக்கு மட்டும் உறை புடிக்கலைங்க. அந்தப் பையன் காலு ராசி அப்படி."

சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். தான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் கோர்ட்டில் அசைந்த அந்த உதடுகள் போட்ட கணக்கும் தெரிந்தது.

கிளம்பும்போது ஓடிப்போய், பண்ணைக்குப் பக்கத்திலேயே இருந்த வீட்டிலிருந்து ஒரு டானிக் பாட்டிலில் கறுப்பாய்க் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"உங்க வண்டிக்கு ஊத்திக்கங்க. ரோட்டுல தனியாப் போயிட்டு வந்துட்டு இருக்கறீங்க."

என் ஸ்கூட்டர் மின்சார வண்டி. அதில் எண்ணெய் ஊற்ற இடமே கிடையாது. வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் துணை இயக்குநர் இன்பநாதன் கெட்டவர் அல்ல. சட்டப் புத்தகத்தைச் சோறு போலத் தின்று வளர்ந்தவர். மறுநாள் அவரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"சார், ஒரு கேஸ்ல வேற வண்டி எண்ணெயைக் கலந்திருந்தாங்கன்னு தெரிய வந்தா என்ன பண்ணலாம்?"

"சாட்சியைக் கலைச்ச குற்றம். குடுத்தவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் அஞ்சு வருஷம். யாரு, என்ன கேஸ்?"

"இது ஊர் வழக்கமா இருந்தா? தெரியாம செஞ்சிருந்தா?"

"தெரியாம செஞ்சேன்னு சொல்லாத குற்றவாளியை நான் பாத்ததே இல்ல, மேடம். வழக்கம்னு பொத்தாம்பொதுவா எழுதினா கோர்ட்டு ஏத்துக்காது. இந்த வண்டிக்கு இந்த எண்ணெயை இன்னார் குடுத்தாங்கன்னு பேரு வேணும், கையெழுத்து வேணும். பேரு இருக்கா?"

"சும்மா கேட்டேன் சார்."

"சும்மா கேக்காதீங்க. நாடு பூரா இந்தச் சட்டத்துல உள்ள இருக்கிறவங்க எத்தனை ஆயிரம் பேருன்னு தெரியும்ல?"

தெரியும். அதில் பலரை அனுப்பிய கை என்னுடையது.

சனிக்கிழமை செங்கோடனைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவர் பாதியாக இளைத்திருந்தார். போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊட்ல ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்பதுதான்.

"இல்ல. உங்க எண்ணெய் அந்த லாரிக்குள்ள எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க."

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"நீங்க கூண்டுல நின்னு இருவத்தஞ்சுன்னீங்க பாருங்க, அப்பவேங்க. அந்த வண்டிக்கு எண்ணெ இருவது லிட்டரு. அப்ப என்றது அஞ்சு லிட்டரு. எங்கூட்ல இருந்ததும் அஞ்சு லிட்டரு கேனுங்க. ஒரு கேன அப்படியே தூக்கிக் குடுத்துட்டாளேன்னு வெளங்கிப்போச்சு."

"வக்கீல் கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டனுங்க. குடுத்தவிய பேரு வெளிய வந்தா அவிய உள்ள போவோணும்னாரு. ரெண்டுல ஒராளு உள்ள இருந்துதான் ஆவோணும்னா நானே இருந்துக்கறேன்னு உட்டுட்டனுங்க."

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். அதைவிடக் கேவலம் ஒரு அரசு ஊழியருக்கு வரக்கூடாது.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்லலீங்களே? எண்ணெ நெசத்தத்தான் சொல்லிச்சு. அது என்ற காலுதாங்க." பிறகு கேட்டார்: "அவ இன்னும் குடுத்துக்கிட்டா இருக்கறா?"

"முப்பத்தொரு வண்டிக்குக் குடுத்திருக்காங்க."

"அதுல ஒண்ணாச்சும் அடிபட்டுச்சுங்களா?"

அதைக்கூட நான் பார்த்து வைத்திருந்தேன். "இல்ல."

அந்த மனிதர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டா" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு ஆய்வகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் பாவாயி உள்ளே போவார், அதற்கு முன் செத்துப்போவார். சொல்லாவிட்டால் செங்கோடன் இன்னும் நாலு வருடம் உள்ளே இருப்பார். அதோடு தீராது. முப்பத்தொரு சிவப்பு எழுத்துகளை இன்பநாதன் இன்னும் பார்க்கவில்லை. மாத அறிக்கையில் பார்ப்பார். ஜெயிலில் இருப்பவர் கால் ரோட்டுக்கு எப்படி வந்தது என்று போலீஸ் முதலில் தட்டப்போவது பாவாயியின் கதவைத்தான்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. தொழில் தெரிந்தவளுக்கு மட்டும் தோன்றும் வழி. எச்சில்.

என் ஆய்வகத்தில் எச்சில் இருந்ததென்றால் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும். செங்கோடனின் எண்ணெய் லாரியில் இல்லை, என் ஊசியில் இருந்தது. முப்பத்தொரு லாரியிலும் இல்லை, என் ஊசியில்தான். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அபயாம்பாள் ஒழுங்காகக் கழுவவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அப்படிச் சொன்னால் செங்கோடன் வழக்கிலிருந்து இன்றுவரை நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு அறிக்கையும் செல்லாமல் போகும். பட்டியலை எடுத்து வைத்து எண்ணினேன். பதினேழு பேர். அவரைத் தள்ளிவிட்டால் பதினாறு. அதில் இன்னும் எத்தனை பேர் யாரோ ஊற்றிய உறையால் உள்ளே போனவர்களோ, எனக்குத் தெரியாது. ஒருவனைப் பற்றி மட்டும் நிச்சயமாகத் தெரியும். ராசிபுரத்தில் பள்ளிக்கூட வாசலில் யாழினி என்ற ஒன்பது வயதுக் குழந்தையை ஏற்றிவிட்டுப் போன டிப்பர் லாரிக்காரன். மூன்று பேர் மாறி மாறி ஓட்டிய வண்டி. குடித்துவிட்டு அன்று ஓட்டியவன் யார் என்று எண்ணெய்தான் சொன்னது. தொழிற்சாலையிலிருந்து சீலோடு வந்த முதல் எண்ணெய் அது. அதில் உறை விழ வாய்ப்பே இல்லை.

அந்தக் குழந்தையின் அப்பா சடையப்பன் ஒரு தையல்காரர். தீர்ப்பு வந்த பிறகு இரண்டு வருடமாக, குழந்தை போன தேதியில் எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். கட்டடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். ஒருமுறை நான் வெளியே போய், ஏன் இப்படி என்று கேட்டேன். "எம் புள்ளைக்கு நாயம் கெடச்ச எடமுங்க" என்றார்.

பதினோரு மணிக்கு டானிக் பாட்டிலைத் திறந்தேன். ஊசி கழுவும் ஹெக்சேன் புட்டியில் பாவாயி கொடுத்த எண்ணெயில் ஐந்து சொட்டு விட்டேன். கலக்கினேன். கலங்கலாகக்கூடத் தெரியவில்லை, ஒரு துளி மஞ்சள் பூத்தது, அவ்வளவுதான். வெறும் ஹெக்சேனை ஓட்டிப் பார்த்தேன். முந்தின நாள் வரை தரையில் படுத்திருந்த கோடு எழுந்து செங்கோடனின் கால் ஆனது.

பிறகு ஆய்வகத்தின் முத்திரைத் தாளில் கடிதம் எழுதினேன். உரிமப் புதுப்பிப்புக்கு வந்த செங்கோடனின் எண்ணெய் மூன்று வருடத்துக்கு முன் கழுவும் புட்டியில் கலந்துவிட்டது. புட்டியைக் கழுவி மாற்றாமல், பழையது கொஞ்சம் கிடக்கும்போதே அதன்மேல் புதியதை ஊற்றி நிரப்பி வந்தேன். பழைய துளி புதியதிலும் தொடர்ந்தது. எழுதி முடித்துப் படித்தபோதுதான் நான் விவரித்திருப்பது உறை ஊற்றுவதைத்தான் என்று உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தத் தாளில் நான் எழுதிய முதல் பொய் அது.

டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. அதில் தலைவராக வந்த பெரியவர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், தமிழர்தான். புட்டியைச் சோதித்தார், எச்சில் இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எச்சில்ல ஒண்ணு வரும், ரெண்டு வரும். இருபத்தஞ்சு வருமாம்மா?"

"ஊசி அடைச்சிருந்துச்சு சார். தெரிஞ்சே மறைச்சேன்."

"உங்க ஆய்வகத்தைப் பத்தி வேற மாதிரியில்ல கேள்விப்பட்டிருக்கேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்று மாலையே என்னை இடைநீக்கம் செய்தார்கள். இன்பநாதன் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டார்.

பதினேழு வழக்குகளும் ஒரே நாளில் நீதிமன்றத்துக்கு வந்தன. விசாரணைக்காக நானும் போயிருந்தேன். தீர்ப்பு படிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாட்சியம் செல்லாது, விடுதலை. அடுத்தது. சாட்சியம் செல்லாது, விடுதலை. கிருத்திக்கைப் பிடிக்க முடியுமா என்று யாரோ கேட்டார்கள். அவன் துபாய் போய் இரண்டு வருடம் ஆகிறது.

வராந்தாவில் பாவாயி என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பையோடு செங்கோடன் நின்றார்.

"தப்பு நடந்துபோச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமா? யாரு மேடம் எழுதுவாங்க இப்படி? நான் குடுத்த எண்ணெய வண்டிக்கு ஊத்துனீங்களா?"

"ஊத்தினேன்மா."

"காப்பாத்துச்சுங்களா?"

"காப்பாத்துச்சு."

செங்கோடன் என்னை ஒரு நொடி பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. மனைவியின் தோளைத் தொட்டு, "வா, போலாம், சித்த கையெழுத்து வேல இருக்குது" என்று அழைத்துக்கொண்டு அலுவலக அறைக்குள் போனார்.

திரும்பினேன். தூணுக்குப் பக்கத்தில் சடையப்பன் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் மறந்துபோய் எடுக்காமல் விட்ட அளவு நாடா. டிப்பர்காரன் சொந்தக்காரர்களோடு சிரித்துக்கொண்டே அவரைக் கடந்து படியிறங்கிப் போனான். சடையப்பன் அவனைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தார். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு எண்ணெ பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க. இப்பத் தப்புன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. ரெண்டுல எதுங்க நெசம்?"

பத்தடி தூரத்தில், அந்த அறைக்குள், செங்கோடன் விடுதலைத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாவாயி பேனாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குச் சொன்னதுதான் தப்பு, ஐயா" என்றேன்.

"அப்ப எம் புள்ளய ஏத்துனது இவன் இல்லீங்களா?"

"தெரியாது."

"தெரியாதுங்களா" என்றார். பழக்கத்தில் கைகள் கும்பிட எழுந்தன, நெஞ்சு வரை வந்து நின்று, கீழே இறங்கின. "சரிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

இந்த வருடமும் அந்தத் தேதி வந்தது. வேலை போய்விட்டதால் எனக்கு அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் இல்லை. இருந்தும் காலை ஒன்பது மணிக்கே சாட்சியகத்தின் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். ராசிபுரம் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று போயின. அவர் வரவில்லை. மதியம் வரை அவர் நிற்கும் இடத்தில் நான் நின்றேன்.